மிச்சம் பிடிச்ச வருஷம்

வாங்க வாசுகி. செருப்பு அங்கனயே கிடக்கட்டும், உள்ள வந்து உக்காருங்க. பிள்ளை வரலையா? கார்லயே இருக்காளா? சரி, இருக்கட்டும், வற்புறுத்தாதீங்க. பதினொண்ணாம் கிளாஸ் பிள்ளைகளை எறங்குன்னா எறங்குமா. எங்க பொண்ணு ஆதிரையும் அப்படித்தான், யார் வீட்டுக்குப் போனாலும் கார்ல சாஞ்சு கிடக்கும்.

எங்க வீட்டுக்காரர் நீங்க வர்ற நேரம் பாத்து காஸ்ட்கோ கடைக்குக் கிளம்பிட்டாக. வீட்ல ஏதாவது பேச்சு நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சா அவுகளுக்கு உடனே பால் தீந்துபோகும், பேப்பர் டவல் தீந்துபோகும்.

எடுத்துக்கோங்க. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. ஏன் சிரிக்கிறீங்க? ஓ, அதுவா. கேசரியும் பஜ்ஜியும் வச்சா பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்காக்கும். நல்லா இருக்கு போங்க. ரவை இருந்துச்சு, கிண்டினேன். வாழைக்காய் இந்தியன் கடையில பிஞ்சாக் கிடந்துச்சு. சாப்பிடுங்க, ஆறிட்டா பஜ்ஜி சவசவன்னு போயிரும்.

ஏழு வருஷப் படிப்பு பத்திக் கேக்கணும்னு ஃபோன்ல சொன்னீங்க. இதே சோபாவுல எத்தனை குடும்பம் வந்து உக்காந்து கேட்டிருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஆப்பிளும் திராட்சையும் வாங்கிட்டு வருவாக. "அக்கா, ஆதிரைக்கு எப்படிக் கிடைச்சுது, எங்க பிள்ளைக்கும் ஒரு வழி சொல்லுங்க"ம்பாக. தமிழ்ப் பள்ளிக்கூடத்து பார்க்கிங்ல நின்னாக்கூட யாராவது பிடிச்சுக்கிடுவாக. நியூஜெர்சியில பாதிப் பேருக்கு என் பேரு தெரியாது, ஆதிரை அம்மான்னாத்தான் தெரியும். நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. உங்களுக்கு மட்டும் கொஞ்சம் முழுசாச் சொல்றேன். பாதியை மறைச்சுப் பாதியைச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு வாசுகி.

விஷயம் ஒண்ணும் பெருசில்ல. இந்த ஊர்ல டாக்டராகணும்னா முதல்ல நாலு வருஷம் காலேஜ். அப்புறம் ஒரு பெரிய பரீட்சை. அதுல நல்லாப் பண்ணி, எங்கயாவது எடுத்துக்கிட்டா நாலு வருஷம் மருத்துவம். மொத்தம் எட்டு. அதுவும் நடுவுல சீட்டு கிடைக்குமா கிடைக்காதான்னு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இதுல அப்படி இல்ல. பன்னெண்டாவது முடிக்கையிலேயே காலேஜுக்கும் மருத்துவத்துக்கும் சேத்து சீட்டு குடுத்துருவாக. காலேஜை மூணு வருஷத்துல முடிக்கணும், கோடை லீவுலயும் படிக்கணும். மூணும் நாலும் ஏழு. ஒரு வருஷம் மிச்சம்.

நீங்களும் கேக்கப் போறீங்க, எல்லாரும் கேப்பாக, ஒரு வருஷத்துல என்னக்கா வந்திடப் போகுதுன்னு. ஒரு வருஷத்துல என்ன வரும்னு என்கிட்ட கேளுங்க.

நான் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளை. நான் பிளஸ் டூவுல ஸ்கூல்லயே ரெண்டாவது. மருத்துவத்துக்குக் கட்-ஆஃப்ல ஒன்றரை மார்க்குல போச்சு. ஒன்றரை மார்க்கு வாசுகி. அப்பல்லாம் இம்ப்ரூவ்மென்ட்னு ஒண்ணு உண்டு, பின்னால எடுத்துட்டாக. ஒரு வருஷம் வீட்ல இருந்து திரும்பப் படிச்சு அதே பரீட்சையை மறுபடி எழுதலாம். நான் எழுதுறேன்னேன். அப்பாவும் சரின்னாக. ஒரு வருஷம்தானேன்னாக.

காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிப்பேன். இந்தத் தடவை கண்டிப்பா வந்திரும்னு எனக்கே தெரியும். அப்படி இருக்கையில மார்கழியில ஒரு நாள் சாத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வரணும்னு சொல்லிவிட்டாக. அப்பா சொன்னாக, "சும்மாதானே இருக்கா, பாத்துட்டுப் போகட்டும்." சும்மா பாத்துட்டுத்தான் போகப்போறாகன்னு நானும் நினைச்சேன். சமையல்கட்டு மேடையில என் விலங்கியல் புத்தகத்தைக் கவுத்து வச்சிருந்தேன். சிறுநீரகப் படம், பாகம் குறிச்சுக்கிட்டிருந்தேன், பாதியில கிடந்துச்சு. எங்கம்மா அதை மூடி எடுத்து அரிசி டின் மேல வச்சாக. பஜ்ஜி மாவு கரைக்க இடம் வேணும்ல.

அவ்வளவுதான். சேலை கட்டி, காபி கொண்டு போயி, தை மாசமே கல்யாணம். மாப்பிள்ளை என்ஜினியர், மெட்ராஸ்ல வேலை, வெளிநாடு போகக்கூடிய இடம். யாராவது விடுவாகளா? வேளச்சேரியில ஒத்தை ரூம்ல சோறு வடிச்சுக்கிட்டு நிக்கையில, இன்னைக்கு உயிரியல் பரீட்சைன்னு திடீர்னு ஞாபகம் வந்துச்சு. வடிச்ச கஞ்சி கையில கொட்டிருச்சு. கை எரியுதுன்னு சொல்லித்தான் அழுதேன், அவுக பர்னால் களிம்பு வாங்கிட்டு வந்து போட்டுவிட்டாக.

அப்பாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அம்மாவையும் சொல்ல மாட்டேன். அவுக என்ன பண்ணுவாக. அந்த வருஷம்தான் எமன். பொம்பளைப் பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருந்தா அந்த ஒரு வருஷம் போதும், என்னவும் நடந்திரும். அதான் ஆதிரை பிறந்தன்னைக்கே முடிவு பண்ணினேன், இவளுக்கு நடுவுல ஒரு நாள்கூட சும்மா விடக்கூடாதுன்னு.

சாப்பிடுங்க. நீங்க ஒரு பஜ்ஜியே வச்சுக்கிட்டிருக்கீங்க.

ஒன்பதாவதுலயே ஆரம்பிச்சாச்சு. முதியோர் இல்லத்துல சனிக்கிழமை சனிக்கிழமை சேவை. லீவுல ஒரு டாக்டரம்மா பின்னால நின்னு பாக்கிறது. ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல கண்ணாடிக் குழாய் கழுவுறது. இதெல்லாம் குறிச்சுக்கிட்டீங்களா? பாட்டு கிளாஸை நிறுத்துனேன். நீச்சலையும் நிறுத்துனேன். தங்கமான பிள்ளை, சொன்னதைச் செய்யும். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எங்க போனாலும் நின்னுடுவா. முதியோர் இல்லத்துல ரெண்டு மணி நேரம்னு விட்டுட்டு வந்தா நாலு மணி நேரம் ஆகும். ஏதாவது ஒரு தாத்தா பக்கத்துல உக்காந்து அவரு பழைய காரைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பா. மரத்தைப் பாத்தா மரத்துகிட்ட நிப்பா. மரப்பட்டையில சாம்பல் நெறத்துல ஒரு பாசி படியும்ல, அதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துக்கிட்டே நிப்பா. நான் ஹார்ன் அடிச்சு அடிச்சுத்தான் ஏத்தணும்.

விண்ணப்பத்துல மூணு கட்டுரை கேப்பாக. ஏன் டாக்டராகணும், ஏன் எங்க காலேஜ், அப்புறம் மூணாவதுதான் முக்கியம், ஏன் உனக்கு இவ்வளவு அவசரம். பதினேழு வயசுப் பிள்ளைகிட்டதான் கேப்பாக, உனக்கு ஏன் அவசரம்னு. நேர்ல கூப்பிட்டும் அதையே கேப்பாக. நான் மூணு மாசம் பயிற்சி குடுத்தேன். ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்து நான் அந்தப் பெரிய டாக்டர் மாதிரி கேப்பேன், அவ சொல்லணும். எனக்கு மனமுதிர்ச்சி இருக்கு, எனக்கு என் பாதை தெரியும், இப்படி. எங்க வீட்டுக்காரர் சிரிப்பாக. சிரிக்கட்டும்னு விட்டேன்.

நேர்காணலுக்கு நாங்க மூணு பேரும்தான் போனோம். திரும்பி வர்றப்ப கார்ல கேட்டேன், அந்தக் கேள்வி வந்துச்சான்னு. வந்துச்சுன்னா. சொல்லிக்குடுத்த மாதிரி சொன்னியான்னேன். இல்லன்னா. என்னடி சொன்னன்னு கேட்டா, ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொல்றா, "எங்கம்மாவுக்கு ஒரு வருஷம் காணாமப் போச்சு. அதை நான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும். அதான் அவசரம்னு சொன்னேன்."

எவ்வளவு பாசம் பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இங்க பிறந்த பிள்ளைக எத்தனை பேரு அம்மாவைப் பத்தி அப்படிச் சொல்லும்? எங்க வீட்டுக்காரர் மட்டும் அடுத்த ரெஸ்ட் ஏரியாவுல காரை நிறுத்திட்டு எறங்கிப் போயி ரொம்ப நேரம் நின்னாக. பாத்ரூம்னு நினைச்சேன்.

சீட்டு கிடைச்சிருச்சு. நாலாயிரம் பேரு போட்டதுல முப்பது பேருக்கோ என்னமோ. நான் கோவில்பட்டிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், அம்மா அழுதாக. ஊரெல்லாம் டமாரம் அடிச்சாச்சு. அப்புறம்தான் இந்தப் பிள்ளை சொல்லுது, வேற ஒரு இடத்துலயும் கிடைச்சிருக்குன்னு. மெய்ன் மாநிலத்துப் பக்கம், கனடா பார்டர்கிட்ட, குளிர்ல ஒரு சின்னக் காலேஜ். அங்க அந்த மரப்பாசியையே வாழ்நாள் பூராப் படிக்கிற ஒரு வாத்தியாரம்மா இருக்காகளாம். நாலு வருஷம் அங்க படிச்சுட்டு, அப்புறம் பரீட்சை எழுதி, அப்புறம் மருத்துவம் பாத்துக்கிடுறேன்னா. "டாக்டராக மாட்டேன்னு சொல்லலம்மா. மெதுவா ஆகுறேன்னு சொல்றேன்."

மெதுவா. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

மே ஒண்ணாம் தேதிக்குள்ள எதுன்னு சொல்லணும். எங்க வீட்டுக்காரர், "அவ இஷ்டம்"னுட்டு புல்லு வெட்டப் போயிட்டாக. ஏப்ரல்ல எங்க புல்லு இருக்கு, சொல்லுங்க. நான் என்ன பண்ணேன்னு நாளைக்கு யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னா நம்பாதீங்க. நான் அவளைக் கட்டாயப்படுத்தல. ஒரு வார்த்தை சொல்லல. நாலு நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்தைகூடச் சொல்லல, அவ்வளவுதான். சமைச்சேன், தட்டு வச்சேன், துணி மடிச்சேன். அவ வந்து பக்கத்துல நிப்பா, அம்மாம்பா, நான் மடிச்சுக்கிட்டே இருந்தேன். மனசு ஓடலைன்னா எப்படிப் பேசுறது.

அஞ்சாம் நாள் அவளாவே லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து எனக்கு முன்னால உக்காந்தா. ஏழு வருஷத்துக்குச் சரின்னு அமுக்கினா. அமுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தா. "இப்ப பேசுவியாம்மா?"ன்னா. பேசாம என்ன. அன்னைக்கே பாயசம் வச்சேன். அவளே எடுத்த முடிவு, எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

அப்புறம் மூணு வருஷம் எப்படி ஓடுச்சுன்னு தெரியல. கோடையிலயும் கிளாஸ். நாலு நாள் லீவு விட்டா மூணு நாள் தூங்குவா. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவா, நடந்துக்கிட்டே பேசுவா, மூச்சு வாங்கும். என்னடி சாப்பிட்டன்னா, சாப்பிட்டேம்மாம்பா. மார்க்கு அத்தனையும் நல்ல மார்க்கு. மூணாம் வருஷம் முடிச்சு மருத்துவத்துக்கு வெள்ளைக் கோட்டு போட்டுவிட்டாக. ஃபோட்டோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன், நீங்களும் பாத்திருப்பீங்க. உங்க பிள்ளைகிட்ட காட்டுனதாச் சொன்னீங்கள்ல.

என்ன, மேல சத்தம் கேக்குதேன்னு பாக்குறீங்களா? மத்தவங்க வந்தா ஹீட்டர்னு சொல்லிருவேன்.

ஆதிரைதான். குளிக்கிறா.

ஆமா, வீட்லதான் இருக்கா. ஜனவரியில இருந்து. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது, தமிழ்ச் சங்கத்துலயும் தெரியாது. சித்திரை விழாவுல கேட்டவங்களுக்கு எல்லாம் ஆஸ்பத்திரியில டியூட்டின்னு சொன்னேன். பொங்கலன்னைக்கு வந்தா. வெளிய பனி, கோலம் போட முடியாதுன்னு நான் வாசல்ல ஸ்டிக்கர் கோலம் ஒட்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு பெட்டியோட வந்து நிக்கிறா. "ஒரு வருஷம் லீவு எழுதிக் குடுத்துட்டேம்மா"ன்னா. குனிஞ்சவ அப்படியே இருந்தேன், நிமிரவே முடியல.

தப்பா நினைக்காதீங்க, படிப்பு வராம இல்ல. ரெண்டாம் வருஷத்துலயும் எல்லாத்துலயும் பாஸ். நல்லாப் படிக்கிறவங்களுக்கும் அந்த லீவு குடுப்பாக. ஏண்டி இப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியில ஒரு வயசான அம்மா இவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்லி அழுதாகளாம். இவ கடிகாரத்தைப் பாத்தாளாம். "அவங்க அழுதுக்கிட்டிருக்காங்க, நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். என்னை எனக்கே பிடிக்கலம்மா. நான் அப்படி இல்லையே, நான் உக்காந்து கேக்கிற ஆளுதானே. கொஞ்ச நாள் நின்னுட்டுப் போறேன்"னா. இதெல்லாம் ஒரு காரணமா? கடிகாரம் பாக்காத டாக்டரை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

எங்க வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கி மேல கொண்டு போயி வச்சாக. "நின்னுட்டுப் போகட்டும்"னாக. அப்பனும் மகளும் சேந்துட்டாக.

இப்ப என்ன பண்றான்னு கேளுங்க. ஹைவே பக்கத்துல செடி விக்கிற கடை இருக்குல்ல, அங்க வேலைக்குப் போறா. வெள்ளைக் கோட்டு போட்டவ பச்சை சட்டை போட்டுக்கிட்டு மண்ணு சுமக்கிறா. நகத்துல மண்ணோட வந்து நிப்பா. முகம் மட்டும் தெளிஞ்சிருக்கு, அது என்னமோ உண்மை. நல்லாச் சாப்பிடுறா. நல்லாத் தூங்குறா. நாலு வருஷமாப் பாக்காத பிள்ளையைப் பாக்கிற மாதிரி இருக்கு. முந்தாநாள் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பாடுனா. நான் ஓரமா நின்னு கேட்டேன், கேட்டுட்டு அழுகை வந்துச்சு, எதுக்குன்னு தெரியல.

ஆனா அதையே பாத்துக்கிட்டிருந்தா ஆகுமா? ஜூன் ஒண்ணாம் தேதிக்குள்ள திரும்பி வரேன்னு எழுதணும். எழுதலைன்னா சீட்டு போச்சு. அஞ்சு வருஷப் பாடு அத்தனையும் போச்சு. எழுதுறியாடின்னா, "யோசிக்கிறேம்மா"ங்கிறா. இதே ரூம்ல, இதே சோபாவுல உக்காந்து, யோசிக்கிறேன்ங்கிறா. நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கேன். சும்மா இருக்கிற வருஷம் என்ன செய்யும்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

அதான் வாசுகி. சுத்தி வளைக்காமக் கேட்டிருறேன். அன்னைக்கு ஃபோன்ல பேசுறப்ப உங்க கொழுந்தனார் ஒஹாயோவுல டாக்டரா இருக்கார்னு சொன்னீங்க. பயிற்சி முடிக்கப் போறார், பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்னு நீங்களேதான் சொன்னீங்க. ஊரு, உறவு, அதெல்லாம் நான் பாக்கிற ஆளு இல்ல. இருந்தாலும் உங்க வீட்டுக்காரர் ஊரு சேலத்துல எங்க மச்சான் ஒருத்தர் இருக்காரு, விசாரிச்சுக்கிட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு.

அதிர்ச்சியாப் பாக்காதீங்க. உங்க பிள்ளைக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் நான் சொல்லித் தரேன், ஆதிரையோட கட்டுரை எல்லாம் பத்திரமா இருக்கு, எடுத்துத் தரேன். அது வேற, இது வேற. எனக்கு என்ன தோணுதுன்னா, மாப்பிள்ளை டாக்டரா இருந்தா இவளும் திரும்பிப் போயிருவா. ஒரு பிடிப்பு வேணும்ல. அவரு சொன்னாக் கேப்பா, நான் சொன்னாத்தான் காதுல ஏறாது. அவளுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல. சொன்னா கீழயே வர மாட்டா. சும்மா நீங்க இன்னைக்குப் பாத்துட்டுப் போங்க. ஒரு காபி கொண்டு வந்து குடுப்பா, அவ்வளவுதான். சும்மாதானே இருக்கா.

என்ன சொன்னீங்க? அவகிட்ட கேக்காமயான்னா? கேட்டுட்டு எந்த வீட்ல பொண்ணு பாத்திருக்காக. உங்களைக் கேட்டா பாத்தாக? சும்மாச் சொல்லுங்க.

தண்ணிச் சத்தம் நின்னுருச்சு. ஏட்டி ஆதிரை, கீழ வா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க. ஆமா, நீ வீட்ல இருக்கன்னு சொல்லிட்டேன், ஒளிய வேண்டாம், வா. காபி கலந்து ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிருக்கேன், எடுத்துட்டு வந்து குடு.

கேசரி இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?

பாருங்க, தலையைக்கூடத் துவட்டாம வர்றா. அந்தச் சட்டையைத்தான் போடணுமா, வேற சட்டையே இல்லையா. இவங்கதான் வாசுகி ஆன்ட்டி. இவங்க பொண்ணும் ஏழு வருஷப் படிப்புக்குப் போடப் போறா. கார்ல இருக்கா. காபி அங்கன, அடுப்புப் பக்கம் இருக்கு பாரு. ஃபிளாஸ்க்கும்மா, கண்ணு முன்னாலதான் இருக்கு. என்ன தேடுற?

புக்கா? எந்த புக்கு?

அந்த இதயப் படம் போட்டதா? மேடையில கவுத்து வச்சிருந்தியே, அதுவா. நீ அதை எப்ப இருந்து படிக்கிற? லீவுல யாரு படிக்கச் சொன்னா. பிடிச்சுப் படிக்கிறியா, சரி, சரி. ஒண்ணும் தொலைஞ்சு போகல. நான்தான் மூடி எடுத்து வச்சேன், பஜ்ஜி மாவு கரைக்க இடம் வேணும்ல. அந்தா இருக்கு பாரு, அரிசி டப்பா மேல.

என்ன வாசுகி? ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்க?

நான் என்ன சொல்லிட்டேன் இப்ப.

இல்ல. இருங்க. ஒரு நிமிஷம் இருங்க.

நீ இரும்மா ஆதிரை, நான் எடுத்துத் தரேன். நீ எடுக்க வேண்டாம், நானே எடுக்கேன். இந்தா. அட்டையில மாவு பட்டிருக்கு. இரு, துடைச்சுத் தரேன், முந்தானை சுத்தமாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் விரிச்சு வச்சிருந்த? நான் பாக்காம மூடிட்டேன். எந்தப் பக்கம்னு பாத்திருக்கணும், பாக்கல. உனக்குத் தெரியுமா? தெரியுமா. தேடி எடுத்துக்கிடுவியா. சரி. சரிம்மா. எனக்கு என் பக்கம் இன்னைக்கும் தெரியும். யாரும் கேக்கல.

காபி வேண்டாம், நானே ஊத்திக் குடுக்கேன். நீ போ. மேல வேணும்னாலும் போ, இங்கன உக்காந்து படிக்கணும்னாலும் உக்காரு. மேடையைத் துடைச்சுத் தரட்டா? சரி, போ.

போயிட்டா.

வாசுகி, உங்க கொழுந்தனார்கிட்ட நான் எதுவும் கேட்டதாச் சொல்ல வேண்டாம். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் வேண்டாம். வேற ஒண்ணும் இல்ல. எனக்குத் தலை வலிக்குது, காலையில இருந்து அடுப்பு முன்னால நிக்கேன்.

ஏழு வருஷமா எட்டு வருஷமான்னுதானே கேட்டு வந்தீங்க. எனக்குத் தெரியல வாசுகி. அதை என்கிட்ட கேக்காதீங்க. கார்ல இருக்காள்ல, அவகிட்ட கேட்டுப் பாருங்க. நான் இத்தனை குடும்பத்துக்குச் சொல்லியிருக்கேன், இதை யாருக்கும் சொன்னதில்ல.

எந்திரிச்சுட்டீங்களா. இருங்க, உங்க பிள்ளைக்கு நாலு பஜ்ஜி கட்டித் தரேன், சூடு இன்னும் இருக்கு. கார்ல ஏதாவது படிச்சுக்கிட்டிருந்தான்னா புத்தகத்தை எடுக்காதீங்க, மடியில வச்சுக்கிட்டே தின்னட்டும், எண்ணெய் பட்டாப் படட்டும். வாங்கிக்கோங்க. யோசிக்காதீங்க வாசுகி, வெறும் பஜ்ஜிதான்.